உப்பு ரோட்டில் இறங்காத வண்டி

என் டாடிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாரும் கேட்காமலே கருத்து சொல்வார். மற்ற விஷயங்களில் இல்லை, கார்களைப் பற்றி மட்டும். அரசியலைக் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார். பாஸ்டரின் பிரசங்கம் எப்படி என்று கேட்டால் "நீளம்" என்பார். ஆனால் தெருவில் ஒரு கார் போனால் போதும், அது முனை திரும்புவதற்குள் அதன் ஜாதகத்தையே சொல்லி முடித்துவிடுவார். முக்கால்வாசி கார்களுக்கு அல்பாயுசு.

ஒரே ஒரு காருக்குத்தான் அவரிடம் பூரண ஆயுசு. அவருடைய சொந்தக் கார். எழுபத்தாறாம் வருடத்து காடிலாக் ஃப்ளீட்வுட். கரும்பச்சை. ரூஃபஸ் பெட்வே என்கிற என் டாடி, அமெரிக்காவின் கார் நகரமான டெட்ராய்ட்டில் கிளார்க் தெரு தொழிற்சாலையில் அந்தக் கார்களுக்குக் கதவு மாட்டியவர். தொழிலாளிகளுக்கான சலுகை விலையில் வாங்கினார். வாங்கிக்கொண்டு வந்த பிறகுதான் அது எங்கள் கராஜுக்குள் நுழையாது என்று தெரிந்தது. காரைத் திருப்பிக் கொடுப்பாரா? கராஜின் பின்சுவரை இடித்து, காரின் மூக்குக்கென்று தனியாக ஒரு சின்ன அறை கட்டினார். வீட்டுக்கு ஒரே பிள்ளையான நான் அந்த வருடம் முழுக்கத் தனி அறை இல்லாமல் கூடத்தில் படுத்திருந்தேன் என்பதை அம்மா சொல்லிக் காட்டிக்கொண்டே இருப்பாள்.

அந்தக் காருக்கும் ஒரு சட்டம் உண்டு. நவம்பரில் ரோட்டில் பனியைக் கரைக்க உப்பு போட ஆரம்பித்ததும் அது உள்ளே போய்விடும். மேலே போர்வை, டயருக்கு அடியில் பலகை. ஏப்ரலில் மழை ரோட்டைக் கழுவிவிட்ட பிறகுதான் வெளியே வரும். உப்பு இரும்பைத் தின்றுவிடுமாம். எட்டு லிட்டர் என்ஜின் வைத்திருக்கும் மனுஷன் பாதி வருடம் பஸ்ஸில் போவார், கையில் குடையோடு.

பிறகு தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். எங்கள் தெருவில் பாதி வீடுகள் காலியாகின. எனக்கு ஒஹாயோவில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்தது. தினமும் நெடுந்தூரம் ஓட்ட வேண்டும், சம்பளமோ கைக்கும் வாய்க்கும். ஒரு சின்ன ஜப்பான் காரை வாங்கினேன். அதை முதன்முறையாக வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்திய அன்று டாடி கத்தவில்லை. வெளியே வந்து, அதைச் சுற்றி ஒரு நடை நடந்தார். நாய் அசிங்கம் பண்ணிய இடத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"இதுக்கு எவ்வளவு கொடுத்த? இந்தத் தகர டப்பாவுக்கு?"

"டாடி, இது ஒஹாயோல செஞ்சது. நம்ம ஆளுங்கதான் செய்றாங்க."

"அங்க தொழிலாளர் சங்கம் இருக்கா?"

"இல்ல."

"அப்ப நம்ம ஆளுங்க இல்ல. எடு இங்கிருந்து. இந்தத் தெருவுல இருக்கிறவன் எல்லாம் என்கூட ஃபாக்டரி வரிசையில நின்னு வேலை செஞ்சவன். அவன் மூஞ்சில நான் முழிக்க வேணாமா?"

அதிலிருந்து எப்போது வந்தாலும் மூன்று தெரு தள்ளி, மூடிக்கிடக்கும் ஒரு லாண்டரிக் கடையின் பின்னால் காரை நிறுத்திவிட்டு நடந்து வருவேன். பதினாலு வருடம். காரை மாற்றியபோதும் அதே கம்பெனியில்தான் மாற்றினேன். அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள் என்று அத்தை சொல்வாள். நான் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஒரு தடவை என் காரில் ஏறி உட்காருங்கள். புகழ வேண்டாம், உட்கார்ந்தால் போதும். ஒவ்வொரு தடவையும் கேட்பேன். ஒவ்வொரு தடவையும் அவருக்குக் காது கேட்காது.

அந்தப் பதினாலாவது வருடம், நவம்பர் கடைசியில் வரும் நன்றி நாள் விருந்தன்று நல்ல பனி. கையில் சர்க்கரைவள்ளிக்கிழங்குப் பையோடு, முழங்கால் வரை நனைந்து வந்து கதவைத் தட்டினேன். டாடி திறந்தார். என்னைத் தாண்டித் தெருவைப் பார்த்தார்.

"எங்க நிறுத்தின, டெல்?"

"லாண்டரிக்குப் பின்னால."

"யாரும் பாக்கலையே?"

"கஞ்சாவா கடத்திட்டு வந்திருக்கேன்? வழி விடுங்க, குளிருது."

சிரித்துக்கொண்டே பையை வாங்கினார். கட்டிக்கொண்டார். ஆள் இளைத்திருந்தார். அம்மா போன பிறகு சமைத்துச் சாப்பிடுவது அவருக்கு வேண்டாத வேலையாகிவிட்டது.

உள்ளே எர்னஸ்டீன் அத்தையும் ஹோரஸ் மாமாவும் இருந்தார்கள். அத்தை டாடியின் தங்கை. நாலு வீடு தள்ளி இருக்கிறார்கள். மாமா லிங்கன் கார் செய்யும் இடத்தில் வேலை பார்த்தவர், லிங்கன் வைத்திருந்தவர். கண் மங்கிய பிறகு அதை விற்றுவிட்டார். கார் போனாலும் வாய் போகவில்லை. டி.வி.யில் எங்கள் ஊர் ஃபுட்பால் அணி லயன்ஸ் வழக்கம்போல் தோற்றுக்கொண்டிருந்தார்கள், மேஜையில் வழக்கம்போல் சண்டை நடந்துகொண்டிருந்தது.

"மச்சான், உன் கப்பல் ஒரு பெட்ரோல் பங்க்கிலேர்ந்து அடுத்த பங்க் வரைக்கும்தான் போகும். நடுவுல எங்கயும் போனதா நான் கேள்விப்படல" என்றார் மாமா.

"குடிக்கும்தான். கால் வச்சா என்ன பண்ணும் தெரியுமா? மாப்ள, உன் தொப்பி பின்சீட்டுக்குப் போயிரும். உன் லிங்கன் என்ன பண்ணுச்சு? பொணத்துக்குப் பின்னால போறதுக்குன்னே செஞ்ச வண்டி."

"மரியாதையான வண்டின்னு சொல்லு."

"சோகமான வண்டி."

"ரெண்டு பேரும் சாப்பிடுறீங்களா, தட்டை எடுத்துடட்டுமா?" என்றாள் அத்தை. "இந்த வீட்டுல கடவுளுக்கு நன்றி சொல்றதவிட என்ஜினுக்கு நன்றி சொல்றதுதான் ஜாஸ்தி."

நான் சமயம் பார்த்துக் கேட்டேன். "டாடி, சாப்பிட்டுட்டு அம்மா கல்லறைக்குப் போயிட்டு வருவோம். என் கார்ல. அங்க பஸ்ஸும் போகாது."

மாமா வாயில் வைத்த கீரையை மெல்லாமல் நிறுத்தினார். டாடி நிதானமாக ரொட்டியில் வெண்ணெய் தடவினார்.

"ஏப்ரல்ல போலாம். நம்ம வண்டியில."

"அம்மா ஏப்ரல் வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கணுமா?"

"இருப்பா. அவ பொறுமைசாலி. அவளுக்கும் ஜப்பான் வண்டி பிடிக்காது."

"அவளக் கேட்டீங்களா?"

"நாப்பது வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன். அவ கருத்து எனக்குத் தெரியாதா?"

எனக்கு வந்த கோபத்தில் எழுந்து பாத்திரம் கழுவப் போனேன். அவருக்கு அம்மாவைப் பார்க்க ஆசை என்று எனக்குத் தெரியும். அக்டோபர் கடைசியில் போனவர், இனி ஐந்து மாதம் போக முடியாது. அந்த ஆசையை விடவும் வீம்பு பெரிதாக இருந்தது. குழாய்த் தண்ணீர் சத்தத்தில் நான் முணுமுணுத்தது யாருக்கும் கேட்டிருக்காது. நல்லவேளை.

திரும்பி வந்தபோது டாடி முள்கரண்டியைக் கீழே வைத்திருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. இடது கையை வலது கையால் பிடித்திருந்தார்.

"ஒண்ணுமில்ல. வான்கோழி ஒத்துக்கல."

அத்தை அவர் முகத்தைப் பார்த்தாள், ஆஸ்பிரின் தேடி ஓடினாள். மாமா ஃபோனை எடுத்தார். பனியில் ரோடெல்லாம் விபத்து, ஆம்புலன்ஸ் வரும், ஆனால் நேரமாகும் என்றார்கள். ஆஸ்பத்திரியோ எங்கள் வீட்டிலிருந்து பாட்டு ஒன்று பாடி முடிப்பதற்குள் போய்விடுகிற தூரம்.

"நான் போய் என் காரைக் கொண்டாரேன்" என்றேன்.

"வேணாம்." டாடி கால்சட்டைப் பையில் கைவிட்டுச் சாவியை எடுத்தார். "எனக்குச் சொந்தமா வண்டி இருக்கு."

அந்தச் சாவியை அவர் அம்மாவிடம் கூடக் கொடுத்ததில்லை. என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை மூடினார். அவர் விரல்கள் சில்லென்றிருந்தன. அங்கேயே நான் மறுத்திருக்க வேண்டும் என்று பிறகு பலர் சொன்னார்கள். அவர்கள் யாரும் டெட்ராய்ட்டில் பிறந்தவர்கள் இல்லை.

போர்வையை இழுத்துப் போட்டோம். அவரைப் பின்சீட்டில் அத்தையின் தோளில் சாய்த்தோம். சாவியைத் திருப்பியதும் என்ஜின் ஒரு தடவை இருமி, உடனே எழுந்துகொண்டது. நாலு வாரமாகப் படுத்துக்கிடந்த வண்டி. பின்னாலிருந்து டாடி கண்ணை மூடியபடி சொன்னார்: "கேட்டியா மாப்ள?" மாமா கராஜ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ரிவர்ஸில் எடுத்தேன். கராஜிலிருந்து தெருவுக்கு இறங்கும் சரிவில் பனி திட்டுத் திட்டாகக் கிடந்தது. அவ்வளவு பலம் உள்ள கார், அந்தப் பலம் முழுக்கப் பின்சக்கரத்தில். சக்கரம் வெறுமனே சுற்றியது. கொஞ்சம் மிதித்தேன், பின்பக்கம் மெதுவாக ஒருபுறமாக வழுக்கி, வாலை ரோட்டில் நீட்டிக்கொண்டு குறுக்கே நின்றது. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் போகவில்லை.

மாமா கராஜுக்குள்ளிருந்து ஒரு மூட்டையை இழுத்து வந்தார். படிக்கட்டில் தூவுவதற்காக வைத்திருந்த உப்பு. சக்கரத்துக்கு அடியில் கொட்டினால் பிடித்துக்கொள்ளும்.

"மச்சான், கொஞ்சம் உப்பு போடுறேன்!"

"உப்பு போடாத!"

அவ்வளவு நேரம் முனகிக்கொண்டிருந்தவர் அதை மட்டும் கத்தினார். மாமா மூட்டையைக் கீழே வைத்துவிட்டார். நானும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு மனுஷன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறான், நாங்கள் மூன்று பெரியவர்கள் ஒரு காரின் அடிப்பாகத்துக்கு மரியாதை செய்துகொண்டிருந்தோம். இந்த ஊரைத் தவிர வேறெங்கே இது நடக்கும்?

பிறகு எனக்கு உணர்வு வந்தது. கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். ஒரு தெரு, இன்னொரு தெரு, விழுந்தேன், எழுந்தேன், லாண்டரி. வழி முழுக்க அவரைத் திட்டினேன். அந்த மனுஷனின் வீம்பை, சங்கத்தை, அந்தக் காரை, அதன் மூக்கை. பதினாலு வருடம் நான் நடந்த அந்த மூன்று தெருவும் அன்றைக்கு முடியவே இல்லை.

என் காரை ஃப்ளீட்வுட்டின் வாலுக்குப் பக்கத்தில், ரோட்டின் நடுவில், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நிறுத்தினேன். சண்டைக்குத் தயாராக இறங்கினேன். மாட்டேன் என்றால் தூக்கிப் போட்டுக்கொண்டு போவது என்று முடிவு செய்திருந்தேன்.

சண்டையே வரவில்லை. டாடி அவராகவே காலை வெளியே வைத்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். முன்சீட்டில் உட்கார்ந்தார். நான் கதவைச் சாத்தப் போனேன், கையால் தடுத்து, அவரே இழுத்துச் சாத்தினார். அத்தையும் மாமாவும் பின்னால் ஏறினார்கள்.

கார் கிளம்பியதும் அவர் கை கதவின் ஓரத்தில் ஊர்ந்தது. ரப்பர் பட்டியை, இடைவெளியை, விரல் நுனியால் தடவிப் பார்த்தார்.

"நல்லா மாட்டியிருக்கான்" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அத்தனை வருடம் வாய்விட்டுக் கேட்காமல் ஏங்கினேன். இப்போது வந்தபோது எனக்கு அது வேண்டாம் என்றிருந்தது.

"டாடி, பேசாதீங்க. இதோ வந்துட்டோம்."

"பனியில நேரா போகுது. சத்தமே இல்ல."

"இது தகர டப்பா டாடி. நீங்கதானே சொன்னீங்க. திட்டுங்க."

"எதுக்குத் திட்டணும்?" சீட்டில் தலையைச் சாய்த்துக்கொண்டார். முகத்தில் சண்டையே இல்லை. "நல்ல வண்டி, டெல். இதுல அம்மாவப் பாக்கப் போயிருக்கலாம்."

"போலாம் டாடி. நாளைக்கே போலாம். காலையிலேயே போலாம்."

பின்சீட்டில் மாமா விம்மினார். கல்யாண வீட்டில் கூட டாடியிடம் சண்டை பிடித்த மனுஷர். "மச்சான்... மச்சான், உன்னோடதுதான் பெரிய வண்டி. லிங்கன் அதுகிட்ட வர முடியாது. கேக்குதா? நான் ஒத்துக்கிறேன்."

டாடியின் கண் மூடியிருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் ஆட்கள் ஓடிவந்து கதவைத் திறந்தபோது அவர் கை இன்னும் கதவின் ஓரத்தில்தான் இருந்தது. விரலை அவர்கள்தான் எடுத்துவிட்டார்கள். உள்ளே கொண்டுபோய் என்னென்னவோ செய்தார்கள். டாக்டர் வெளியே வந்து, கொஞ்சம் முன்னாலேயே வந்திருந்தால் என்று ஆரம்பித்தார். அத்தை கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டாள்.

சனிக்கிழமை அவரை அம்மாவுக்குப் பக்கத்தில் வைத்தோம். ஃப்ளீட்வுட்டை ஊர்வலத்தில் முதலில் விட வேண்டும் என்று சர்ச்சில் எல்லோரும் சொன்னார்கள். மாமா ரோட்டைப் பார்த்தார். புதிதாக உப்பு போட்டிருந்தார்கள், வெள்ளையாக.

"அவன் ஒத்துக்க மாட்டான்" என்றார்.

அதனால் என் காரைத்தான் எங்கள் வீட்டு வாசலிலிருந்து, சவ வண்டிக்கு நேர் பின்னால் ஓட்டினேன். தெருவில் அவரோடு வரிசையில் நின்று வேலை செய்த கிழவர்கள் எல்லோரும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வாசலில் நின்றார்கள். மெதுவாகத்தான் போனேன். ஒருவராவது காரைப் பார்த்து முகம் சுளிப்பார், ஒருவராவது ஏதாவது சொல்வார் என்று தெரு முடிகிற வரைக்கும் ஜன்னலை இறக்கி வைத்திருந்தேன். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.