எமிலிக்கு விழுந்த சீட்டு

முனைத்துறைப் பிரதேச சபைக்குத் தவிசாளரைத் தெரிவு செய்யக் குலுக்கிய திருவுளச் சீட்டில், போட்டியிட்ட இரண்டு பேரின் பெயரும் வராமல், வெளி விறாந்தையில் வெறும் தண்ணீர்க் கானோடு நின்றிருந்த எமிலியின் பெயர் வந்தது. ஆனி மாதம், வியாழக்கிழமை. அன்று ஊர்காவற்றுறையில் விளைமீன் கிலோ ஆயிரத்து அறுநூறுக்குப் போனது. சோளகக் காற்று சுமாராக வீசியது. சீட்டை எடுத்தவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த உதவி ஆணையாளர் நிரோஜினி. ஒன்றில் சதீசன் என்றும் மற்றதில் சுதன் என்றும் தன் கையாலேயே எழுதி, நாலாக மடித்து, ஐஸ்கிறீம் பெட்டிக்குள் போட்டுக் குலுக்கியவரும் அவர்தான். விரித்துப் பார்த்தால் அவருடைய கையெழுத்திலேயே, அவர் இழுக்கிற அதே நீளச் சுழிகளோடு, 'எமிலி சில்வெஸ்ரர், அந்தோனியார் ஒழுங்கை' என்று இருந்தது. மற்றச் சீட்டை விரித்தார். அது வெறும் தாள்.

இந்த நிலைமை வந்ததற்குக் காரணம் சபையில் ஆட்கள் சரிபாதியாகப் பிரிந்து நின்றதுதான். மொத்தம் பதின்மூன்று உறுப்பினர். குடைச் சின்னத்தில் சதீசனோடு சேர்த்து ஆறு பேர், ஏணிச் சின்னத்தில் சுதனோடு சேர்த்து ஆறு பேர். மிச்சமிருந்த ஒரு சுயேச்சை, சத்தியப்பிரமாணம் செய்த கிழமையே தமக்கையின் மகளுடைய சாமத்தியச் சடங்குக்கென்று கனடா போனவர், பிறகு திரும்பி வரவில்லை. குடையும் ஏணியும் ஏழு வருசத்துக்கு முன்னர்வரை ஒரே கட்சி. வாசிகசாலைத் திறப்புவிழா நோட்டீசில் யாருடைய பெயர் மேலே வருவது என்ற பிரச்சினையில் இரண்டாகிப் போனது. அதன் பிறகு ஊரில் குடைக்காரர் சீனி வாங்குகிற கடை ஒன்று, ஏணிக்காரர் சீனி வாங்குகிற கடை ஒன்று. இரண்டு கடைக்கும் சீனி ஒரே லொறியில்தான் வந்தது. செத்தவீட்டுக்குக்கூட இரண்டு பந்தல் போட்டார்கள். செத்தவரை நடுவில் வெயிலில் வைத்தார்கள்.

எமிலிக்கு ஐம்பத்திரண்டு வயது. மீன் கழுவிக் கருவாடு போடுகிறவள். அவள் புருசன் சில்வெஸ்ரர் குடை. புருசனின் தம்பி பற்றிக் ஏணி. இரண்டு பேருக்கும் சொந்தமாக இருந்தது ஒரே ஒரு படகு. அதை விற்கவும் ஏலாது, பிரிக்கவும் ஏலாது என்றபடியால் முன்பாதிக்கு ஒரு நிறமும் பின்பாதிக்கு ஒரு நிறமும் அடித்து, ஆளுக்கொரு தலைப்பில் இருந்து, ஒரு வார்த்தை பேசாமல் ஆறு வருசம் தொழிலுக்குப் போய்வந்தார்கள். வலையை இழுக்கச் சொல்வதென்றால் அண்ணன் எமிலிக்குப் போன் எடுப்பான். எமிலி கருவாட்டை விட்டுவிட்டுத் தம்பிக்குப் போன் எடுத்து, "வலையை இழுக்கட்டாம்" என்பாள். "இப்ப ஏலாது, நீரோட்டம் மாறட்டும் எண்டு சொல்லுங்கோ அண்ணி" என்று அவன் சொல்ல, அதை அண்ணனுக்குச் சொல்வாள். சிக்னல் இல்லாத இடத்துக்குப் படகு போனால் மீனுக்கு நல்ல காலம்.

அன்று அவள் சபைக்கு வந்தது தண்ணீருக்கு. அந்தோனியார் ஒழுங்கையில் இருபத்து மூன்று வீடு. கிணறெல்லாம் உவர். குடிதண்ணீர்க் குழாய் பிரதான வீதியால் வந்து, லண்டன் அப்புத்துரையின் கேற்றடியில் நின்றுவிட்டது. அப்புத்துரை ஆவணி மாதத்தில் பத்து நாள் வந்து நிற்கிறவர். வருசத்தின் மற்ற நாட்களில் அந்த மாடி வீட்டில் ஒருவரும் இல்லை, நீலச் சலவைக்கல் பதித்த நீச்சல் தடாகம் ஒன்றைத் தவிர. இரண்டு கட்சியின் நோட்டீசும் அவர் கொடுத்த காசில்தான் அடிக்கப்பட்டன. அதனால் அவர் வீடுவரைக்கும் குழாய் போடுகிற தீர்மானம் மட்டும் போன சபையில் எல்லாக் கையும் உயர்ந்து நிறைவேறியது. அதற்கு அப்பால் நானூறு மீற்றர். குடைக்காரர் அதைக் கிழக்கு வீதியால் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். ஏணிக்காரர் மேற்கு வீதியால் என்றார்கள். எமிலி இருபத்தாறு மனுக் கொடுத்திருந்தாள். இது இருபத்தேழாவது.

நிரோஜினி அவளை உள்ளே கூப்பிட்டு, பெயரையும் விலாசத்தையும் கேட்டு, அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார்.

"நான் தண்ணிக்கு வந்தனான், மிஸ். மனுவை வாங்கினீங்களெண்டா போயிடுவன். மீன் கிடக்கு."

மீனுக்குப் போக விடவில்லை. புதுத் தாள் எடுத்து எழுதினார்கள். பெட்டியை மாற்றி மண்பானை வைத்தார்கள். பொலிஸ் வந்து பானைக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தது. சுதன் எழுதிச் சதீசன் எடுத்தான். சதீசன் எழுதிச் சுதன் எடுத்தான். பின்னேரம் நாலு மணிக்குள் பதினேழு தரம் குலுக்கியாயிற்று. பதினேழு தரமும் எமிலி. கடைசியில் வெறும் பானையைக் குலுக்கினார்கள்; அதிலும் ஒரு சீட்டுக் கிடந்தது. இது ஏணிக்காரரின் கள்ள வேலை என்று குடைக்காரரும், குடைக்காரரின் சூழ்ச்சி என்று ஏணிக்காரரும் அறிக்கை விட்டார்கள். வெளியே நின்ற சனம் பெரிதாக அதிசயப்படவில்லை. போட்ட வாக்கு வேறு எங்கோ போய் விழுவதை அவர்கள் முன்னரும் கண்டிருக்கிறார்கள்.

சட்ட ஆலோசனை கேட்டுக் கொழும்புக்கு எழுதினார்கள். மூன்று மாதம் கழித்துச் சிங்களத்தில் பதில் வந்தது. திருவுளச் சீட்டின் முடிவே இறுதியானது என்றபடியால் அந்தக் கதிரையில் வேறொருவரும் இருக்கக் கூடாது. ஆனால் அவர் உறுப்பினர் அல்லர் என்றபடியால் ஒரு தீர்மானமும் எடுக்கக் கூடாது. வாக்குகள் சமனாகிற விடயங்களில் சீட்டுக் குலுக்குவதற்கு மட்டும் தடையில்லை என்று அதில் இருந்தது. கதிரை வெறுமையாகக் கிடந்தால் சபைக்கு வருகிற பணம் திரும்பிப் போய்விடும் என்று செயலாளர் சொன்னதால், எமிலி கிழமைக்கு மூன்று நாள் போய் அதில் இருந்தாள். மேசையில் ஒரு மணி இருந்தது. அதை அவள் அடிக்கவில்லை.

கூட்டத்தில் போனை நிறுத்தி வைக்க வேண்டும் என்பது சபை விதி. முதல் கூட்டத்தன்று படகு கண்ணாத்தீவுப் பக்கம் நின்றது. வலை நிறையப் பாரை மீன். சில்வெஸ்ரர் எமிலிக்கு எடுத்தான், பதில் இல்லை. பற்றிக்கும் தன் போனில் அவளுக்கு எடுத்துப் பார்த்தான். இருவரும் கொஞ்ச நேரம் தங்கள் தங்கள் போனைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். வலை கிழியத் தொடங்கியபோது சில்வெஸ்ரர், "இழுடா" என்றான். ஆறு வருசத்தில் அதுதான் முதல் வார்த்தை. "நீ முதல் வலையில இருந்து காலை எடு" என்றான் தம்பி. அதிலிருந்து கரைக்கு வரும்வரை வாசிகசாலை நோட்டீஸ் தொடங்கி ஒன்றையும் விடாமல் தூசணத்தில் பேசித் தீர்த்துக்கொண்டு, தொண்டை அடைத்துப்போய், முந்நூறு கிலோ பாரையோடு வந்து இறங்கினார்கள்.

இதற்கிடையில் எமிலி உள்ளுக்குள் தங்கள் ஆள்தான் என்று இரண்டு கட்சிக்கும் எண்ணம் வந்துவிட்டது. குடைக்காரர் காலமையில் ஒரு பவுசர் வண்டி நிறையத் தண்ணீர் அனுப்பினார்கள். அதைக் கேள்விப்பட்ட ஏணிக்காரர் பின்னேரம் ஒன்று அனுப்பினார்கள். அவள் முற்றத்தில் குடைக்காரரின் நீலத் தாங்கி ஒன்றும் ஏணிக்காரரின் கறுப்புத் தாங்கி ஒன்றும் எழும்பின. ஒழுங்கையில் மற்ற இருபத்திரண்டு வீட்டிலும் பழையபடி உவர். எமிலி எல்லோரையும் வந்து அள்ளச் சொன்னாள். குடை வீட்டுக்காரர் கறுப்புத் தாங்கியைத் தொட மாட்டோம் என்றார்கள். ஏணி வீட்டுக்காரர் நீலத்தைத் தொடவில்லை. இரண்டு தாங்கிக்கும் நடுவில் இரண்டு பேருக்குத் தலை உடைந்தது. பக்கத்து வீட்டு நிலாந்தி மட்டும் வரவேயில்லை. அவளுக்கு ஏழு மாதக் கைக்குழந்தை. எமிலி தானே ஒரு கானை நிரப்பிக்கொண்டு போய் வேலியில் நின்று கூப்பிட்டாள்.

"இந்தாரும் நிலாந்தி. பிள்ளைக்கெண்டாலும் எடும்."

"வேண்டாம் அக்கா," என்றாள் நிலாந்தி. "முந்தி நீங்களும் நானும் ஒண்டாத்தானே கானைத் தூக்கிக்கொண்டு அலைஞ்சனாங்கள். இப்ப உங்கட வாசலில நிண்டு வாங்கிறதுக்கு எனக்கு மனம் வருகுதில்லை. பிழையா நினையாதேங்கோ."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எமிலிக்குத் தாங்க முடியாமல் இருந்தது. கானைத் திருப்பிக் கொண்டுவந்து குசினியில் வைத்தாள். தேத்தண்ணி வைத்தாள், குடிக்க மனமில்லாமல் ஆற விட்டாள். அடுத்த நாள் பவுசர் சாரதிகளிடம் இனி வர வேண்டாம் என்றாள். மற்றவன் நிறுத்தாமல் தான் முதலில் நிறுத்தினால் வேலை போய்விடும் என்று இரண்டு பேரும் கெஞ்சினார்கள். அவள் சில்வெஸ்ரரையும் பற்றிக்கையும் கூப்பிட்டு, இரண்டு தாங்கியையும் வாய் கீழே இருக்கும்படி கவிழ்த்து வைக்கச் சொன்னாள். கவிழ்த்தார்கள். பவுசர்கள் பிறகும் இரண்டு கிழமை வந்து, கேற்றடியில் நின்று, ஹோர்ன் அடித்துவிட்டுப் போயின.

ஐப்பசிக் கூட்டத்தில் நானூறு மீற்றர் குழாய் விடயம் வந்தது. கிழக்கு வீதிக்கு ஆறு கை, மேற்கு வீதிக்கு ஆறு கை. கொழும்புக் கடிதத்தின்படி சீட்டு. செயலாளர் 'கிழக்கு' என்றும் 'மேற்கு' என்றும் எழுதிப் போட்டார். எமிலி சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துவிட்டு ஒன்றை எடுத்துச் செயலாளரிடம் கொடுத்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றி, பிறகு போட்டு, வாசித்தார்: "அப்புத்துரை வீட்டு நீச்சல் தடாகத்தின் ஊடாக."

பன்னிரண்டு பேரும் எட்டி அந்தச் சீட்டைப் பார்த்தார்கள். பிறகு சதீசனும் சுதனும் ஒரே நேரத்தில் எழும்பி, இதில் எழுத்துப்பிழை இருப்பதாகச் சொன்னார்கள்.

"சீட்டில இல்லாததை நான் எப்பிடி வாசிக்கிறது?" என்றார் செயலாளர்.

"திரும்பக் குலுக்குங்கோ," என்றான் சுதன்.

"அண்டைக்குப் பதினேழு தரம் குலுக்கினனீங்கள்தானே தம்பி," என்றாள் எமிலி. "எனக்கு நேரம் இருக்கு. இண்டைக்கு மீன் இல்லை."

ஒன்பது தரம் குலுக்கினார்கள். ஒன்பதாவது சீட்டில் குழாயின் விட்டமும், போட வேண்டிய ஆழமும், வேலை முடிய வேண்டிய திகதியும் சேர்ந்து வந்தபடியால் பொறியியலாளர் அதையே வரைபடமாக வைத்துக்கொண்டார். அளந்து பார்த்தபோது அதுதான் நேர்வழி என்றும் தெரிந்தது. தை பிறப்பதற்குள் வேலை முடிந்தது. குழாய் அப்புத்துரையின் முன்மதிலால் புகுந்து, தடாகத்துக்கு மேலே இரண்டு சீமெந்துத் தூணில் ஏறி நடந்து, பின்மதிலால் இறங்கி அந்தோனியார் ஒழுங்கைக்கு வந்தது. ஒழுங்கையின் நடுவில் ஒரே ஒரு பைப் போட்டார்கள். அதற்குக் குடை நிறமும் இல்லை, ஏணி நிறமும் இல்லை. வாங்கி வந்தபடி பித்தளையாகவே இருந்தது.

ஆவணியில் அப்புத்துரை வந்தார். பத்துப் பவுசர் இறக்கித் தடாகத்தை நிரப்பினார். காலை ஆறு மணிக்கு ஒழுங்கையில் நிலாந்தி பைப்பைத் திறந்ததும் தடாகத்தின் தண்ணீர் இறங்கத் தொடங்கி, ஏழரைக்கு அடித்தளம் தெரிந்தது. குழாய்க்கும் தடாகத்துக்கும் ஒரு தொடுப்பும் இல்லை என்று பொறியியலாளர் வந்து பார்த்து எழுதிக் கொடுத்தார். மறுநாளும் நிரப்பினார், மறுநாளும் இறங்கியது. அவர் சதீசனைக் கூப்பிட்டுக் கேட்டார், சுதனைக் கூப்பிட்டுக் கேட்டார். நோட்டீசுக்குக் கொடுத்ததை நினைவுபடுத்தினார். இருவரும் சீட்டைக் காட்டிவிட்டுப் போனார்கள். கடைசியில் அவரே நடந்து ஒழுங்கைக்கு வந்தார். கெட்ட மனிசர் என்று சொல்ல ஏலாது. அந்த ஒழுங்கைக்கு அவர் அதுவரை வந்ததில்லை, அவ்வளவுதான்.

"ஒரு மணித்தியாலம் பூட்டி வைக்க ஏலுமோ, பிள்ளை?" என்று நிலாந்தியிடம் கேட்டார்.

"அது எல்லாரையும் கேட்கோணும் அண்ணை. உங்களுக்குத் தண்ணி வேணுமெண்டா வரிசையில நில்லுங்கோ, ஒருதரும் மறிக்க மாட்டினம்."

அவர் போய், கடையில் இரண்டு கான் வாங்கிக்கொண்டு வந்து நின்றார். விடுமுறையின் மிச்ச ஆறு நாளும் நின்றார். வரிசையில் நிற்கும்போது குடைக்கும் ஏணிக்கும் என்ன வித்தியாசம் என்று முன்னால் நின்றவர்களிடம் கேட்டுப் பார்த்தார். ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். பிடித்த தண்ணீரைக் கொண்டுபோய்த் தடாகத்தில் ஊற்றினார். அந்தத் தண்ணீர் மட்டும் இறங்காமல் நின்றது. லண்டனுக்குத் திரும்புகிற நாளன்று கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே வந்திருந்தது. அதற்குள் காலை நீட்டி இருந்துவிட்டு விமான நிலையத்துக்குப் போனார்.

அந்த மார்கழியில் எமிலியின் பெயரில் வரவுசெலவுத் திட்டம் சபைக்கு வந்தது. அதில் கட்சிக் கூட்டங்களுக்குப் பந்தல் போடுகிற செலவும், நோட்டீஸ் செலவும் இல்லை. குடைக்காரரும் ஏணிக்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பன்னிரண்டு கையும் எதிர்த்து உயர்ந்தன. சமனாக வராதபடியால் சீட்டுக்கு இடமிருக்கவில்லை. இரண்டாம் தரமும் தோற்கடித்தார்கள். இரண்டு தரம் தோற்றால் தவிசாளர் பதவி போகும் என்பது சட்டம். உறுப்பினராக இல்லாதவருக்கும் அந்தச் சட்டம் பொருந்தும் என்று கொழும்பிலிருந்து இந்த முறை ஒரு நாளிலேயே பதில் வந்தது.

எமிலி தன் கைப்பையையும் குடையையும் எடுத்துக்கொண்டு எழும்பினாள். வெளியே மழை தூறியது. கையிலிருந்த குடையைக் கண்டு ஏணிக்காரர் முகத்தைச் சுளித்தார்கள். அவள் விரித்துப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மனதில் பாரம் இருக்கும் என்று நினைத்திருந்தாள். இருக்கவில்லை. வீட்டுக்குப் போய்க் கானை எடுத்துக்கொண்டு பைப்படிக்கு வந்தபோது முன்னால் ஒன்பது பேர் நின்றார்கள். ஒருவர் விலகி இடம் கொடுக்கப் பார்த்தார். நிலாந்தி குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, "விடுங்கோ, அக்கா பத்தாவதா நிக்கட்டும்," என்றாள். எமிலி பத்தாவதாகப் போய் நின்றாள். நிலாந்தியின் பிள்ளை அவளைப் பார்த்துக் கையை நீட்டியது. வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

புதிய தவிசாளருக்காக நிரோஜினி தை மாதம் மறுபடி வந்தார். சதீசனுக்கு ஆறு, சுதனுக்கு ஆறு. ஐஸ்கிறீம் பெட்டியைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள். பொலிசைக் கூப்பிடவில்லை, இரண்டாம் தரம் குலுக்கவும் இல்லை. சீட்டில், எந்தத் தேர்தலிலும் வாக்குப் போடப் போகாத, நாலு மாடு வைத்திருக்கிற ஏரம்புவின் பெயர் இருந்தது. சபைத் தொழிலாளி சைக்கிளில் போய்ச் சொன்னபோது அவர் மூன்றாவது மாட்டில் பால் கறந்துகொண்டிருந்தார். கேட்டுவிட்டு, நாலாவதையும் கறந்து முடித்து, கன்றை அவிழ்த்துவிட்டார்.

"சபையை எத்தினை மணிக்குத் திறக்கிறவை?" என்றார்.

"எட்டரைக்கு."

மறுநாள் எட்டு இருபதுக்கு வந்து சபை விறாந்தையில் நின்றார்.