பதினான்கு விநாடி

செல்லபாய் மகளின் தலைமுடியில் ஒட்டியிருந்த செம்மண்ணை வெந்நீர் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். எத்தனை செம்பு ஊற்றினாலும் தண்ணீர் சிவப்பாகவே வடிந்தது. மறைப்புக்குக் கட்டிய ஓலைப்பாய்க்கு வெளியே மருமகன் சத்தியநேசன் நின்றான். எட்டு நாள் காய்ச்சலில் எழ முடியாமல் கிடந்த அவன் மனைவி நேசம்மாள் மேல், காலை நில அதிர்வில், உள்ளறை மண்சுவர் சரிந்து உயிரைக் குடித்துவிட்டது.

குலசேகரத்துக்குக் கிழக்கே மலையடி ஊர்கள் குலுங்கத் தொடங்கிப் பத்து நாளாகிறது. திருவனந்தபுரத்திலிருந்து ஒரு அதிகாரி வந்து ஆற்றங்கரைப் பாறைகளைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். மலையடி நெடுக நிலத்துக்குள் பழைய விரிசல் ஒன்று ஓடுகிறது, அதன் இரண்டு பக்கமும் உரசுவதுதான் இந்த ஆட்டம் என்றார். மிஷன் பள்ளி வாத்தியார் ஆயிற்றே என்று சத்தியநேசனிடம் ஒரு வேலையையும் ஒப்படைத்துப் போனார். ஒவ்வொரு அதிர்வும் எத்தனை மணிக்கு, எத்தனை விநாடி, எந்தத் திசை என்று குறிக்க வேண்டும்.

அவ்வளவுதான், அவனைப் பிடிக்க முடியவில்லை. பள்ளி டைம்பீஸும், திசை பார்க்க விளிம்பு வரை தண்ணீர் நிறைத்த வெண்கலக் கிண்ணமுமாக முன்னறையில் உட்கார்ந்துவிட்டான். ஊரே முற்றத்தில் படுத்தபோதும், காய்ச்சல்காரிக்குப் பனி ஆகாது, இதெல்லாம் சின்ன ஆட்டம் என்று நேசம்மாளை உள்ளேயே கிடத்தினான்.

இன்று காலை கிண்ணத்துத் தண்ணீர் வடக்கே தளும்பியபோது அவள் கூப்பிட்டாள்.

"இஞ்சேருங்க, என்னெப் பிடிங்க."

"பொறுட்டி," என்றான் திரும்பாமலே. எண்ணிக்கை தப்பிவிடக் கூடாதே. மறுபடியும் கூப்பிட்டாள். எட்டில் உள்ளே ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. அவன் பதினான்கு வரை எண்ணினான். எழுதியும் வைத்தான். காகிதம் இன்னும் சட்டைப் பையில் இருந்தது.

பாய்க்கு உள்ளிருந்து செல்லபாயின் குரல் வந்தது.

"மருமவனே, எம்மவ உங்கள விளிச்சாளா?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"இல்ல மாமி. நல்ல உறக்கம்."

"ஸ்தோத்திரம் கர்த்தாவே! எம்புள்ள பயப்படாமப் போயிருக்கா." செல்லபாய் உடைந்து அழுதாள். "விளிச்சிருந்தா நீங்க விட்டிருப்பியளா?"

வெட்கத்தில் அவனுக்குக் காது வரை எரிந்தது. அங்கே நிற்க முடியாமல் முற்றத்துக்கு வந்தான். பக்கத்து வீட்டு ரசலையன் பழக்கத்தில் கேட்டுவிட்டான்.

"இது பெரிசு வாத்தியாரே. எத்தற எண்ணினிய?"

"எண்ணல்ல."

"சே, நான் ஒரு மடையன். அந்நேரம் ஆரு எண்ணுவா!" ரசலையன் தலையில் அடித்துக்கொண்டான். கண் கலங்கி அவன் தோளைப் பிடித்து அழுத்தினான். அதற்குப் பதிலாகச் சத்தியநேசன் முகத்தில் காறித் துப்பியிருக்கலாம்.

சவப்பெட்டியை மூடும்போது பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள், உறக்கத்திலேயே போய்விட்டாளாம். கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற வழியெல்லாம் அந்தப் பேச்சு கூடவே வந்தது. அதில் எல்லோருக்கும் கொஞ்சம் ஆறுதல் இருந்தது.

குழிக்கரையில் உபதேசியார் யோவான் வேதப்புத்தகத்தை மூடினார்.

"நம்ம சகோதரி ஒரு பயமும் அறியாம, உறக்கத்துலயே கர்த்தர்கிட்டப் போயிட்டா."

"ஆமென்" என்றது கூட்டம்.

செல்லபாய் விழுந்துவிடாமல் இருக்கச் சத்தியநேசனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமென்" என்றான்.