பெரியவள்

"பெரியவ எப்படி இருக்கா?"

"கொழுகொழுன்னு இருக்கா. இந்த மாசம் உங்க போனஸையும் முழுங்கிட்டா."

"அப்படியே அவ அம்மா மாதிரி. திறந்த வாயை மூட மாட்டா."

கல்யாணமான புதிதில் அவர்கள் இப்படித்தான் பேசிக்கொள்வார்கள். பெரியவள் என்பது ஒரு வங்கிக் கணக்கு. பிறக்கப்போகும் பிள்ளைக்கென்று இருவர் பெயரிலும் தொடங்கியது. பிள்ளை பிறக்கவில்லை. இனி முயற்சி வேண்டாம் என்று மருத்துவரே சொன்ன பிறகும் அதில் போடுவதை இருவரும் நிறுத்தவில்லை. யாருக்காக என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவும் இல்லை. அவளிடம் அதற்கு ஒரு பதில் இருந்தது. கணவர் மறுத்துவிட்டால் பெரியவள் வெறும் பணமாகிவிடுவாளே என்ற பயத்தில் ஒவ்வொரு முறையும் மென்று விழுங்கினாள்.

விழுங்கி விழுங்கி வீட்டில் பேச்சே குறைந்துபோயிற்று. லிப்ட் பழுதுபார்க்கும் அவர், ஒருநாள் வேலைப் பையோடு துணிப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். விவாகரத்து நோட்டீஸ் வந்தது. பின்னாலேயே போனில் ஒரு செய்தி: "வெளிநாட்டுல வேலை கிடைச்சிருக்கு. பெரியவளை நான் கூட்டிட்டுப் போறேன்."

அவள் அதை அப்படியே தன் வக்கீலம்மாவுக்கு அனுப்பிவிட்டு, மூக்குக்கண்ணாடிக் கடையில் அன்றைய வேலைக்கு உட்கார்ந்தாள். லென்ஸை ஃப்ரேமில் பொருத்தும்போதே போன் அடித்தது.

"எத்தனை வயசும்மா? பாஸ்போர்ட் யார்கிட்ட இருக்கு?"

"யாரோடது?"

"உங்க பொண்ணோடது! இத்தனை நாள் ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க!"

"பொண்ணு இல்லைங்க," என்றாள். "அது எங்க பேங்க் கணக்கு."

வக்கீலம்மா பெருமூச்சு விட்டார். "நல்லவேளை. நாட்டை விட்டுக் குழந்தையைத் தூக்கிட்டுப் போறார்னு பாதி மனு அடிச்சுட்டேன். அந்த ஜட்ஜ் என்னையே உள்ள தள்ளியிருப்பார்." சிரித்தார். அவளும் சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் வேறெதுவாகவோ மாறியபோது லென்ஸை வைத்துவிட்டுப் பின்னறைக்குப் போனாள்.

அன்று மதியமே கணக்கை முடக்கக் கேட்டு அவளும் வக்கீலம்மாவும் நீதிபதி முன்னால் நின்றார்கள். கணவருக்குத் தகவல் தரவில்லை. தந்தால் விசாரணைக்கு முன்பே பணம் போய்விடும் என்றார் வக்கீலம்மா. நீதிபதி செய்தியைப் படித்தார். மேல் உத்தரவு வரும்வரை அந்தக் கணக்கில் யாரும் கைவைக்கக் கூடாது என்று கையெழுத்திட்டார்.

"யாரும்னா?" என்று வெளியே வந்து கேட்டாள்.

"நீங்களும்தாம்மா."

அடுத்த வாய்தாவுக்கு அவரும் வந்தார். நீதிமன்றத் தாழ்வாரத்தில் அவள் உட்கார்ந்திருந்த பெஞ்சில்தான் இடம் காலியாக இருந்தது. வேறு வழியில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்தார். இளைத்திருந்தார்.

"பேங்க்ல அத்தனை பேர் முன்னாடி, 'கோர்ட்டு முடக்கி வச்சிருக்கு சார்'னு சொன்னான். திருடன் மாதிரி நின்னேன்."

"பின்ன? சொல்லாம கொள்ளாம எடுக்கப் போனா?"

"சொல்லாமலா? மெசேஜ் போட்டேனே."

அது உண்மைதான்.

"உனக்கு ஆத்திரம்னா என்னை நாலு திட்டு திட்டியிருக்கலாம். அவளை எதுக்கு முடக்கின?"

"நீங்க எடுத்துட்டா..." என்று தொடங்கியவள் அதையும் விழுங்கினாள்.

"சரி விடு. வக்கீலுங்க பேசிட்டாங்க. ஆளுக்குப் பாதி. இன்னிக்கே ஜட்ஜ்கிட்ட சொல்லிட்டா முடக்கத்தை எடுத்துடுவாங்க. அப்புறம் பெரியவளை மூடிடலாம்."

மூடிடலாம். கடையை மூடுவதுபோல எவ்வளவு லேசாகச் சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தாள். அவர் கண்கள் சிவந்திருந்தன. லேசாக ஒன்றும் சொல்லவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. அழுகிறவரும் போகத்தான் போகிறார்.

உள்ளேயிருந்து அவர்கள் வழக்கு எண்ணைக் கூப்பிட்டார்கள். வக்கீலம்மா வாசலில் நின்று கையசைத்தார். கணவர் எழுந்தார். அவள் அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடு. கூப்பிடறாங்க."

"ஏங்க," என்றாள். "நாம ஒரு பிள்ளையைத் தத்தெடுத்து வளர்க்கலாமா?"