மிகாசாவின் மேல்தளத்தில் மசுயோ

1

இந்தக் கதை எனக்கு முடிதிருத்தும் கடையில் கிடைத்தது. யோகோசுகாவில் குடியேறிப் பல வருடங்களாகியும், மிகாசா என்றால் ரஷ்யக் கப்பற்படையைத் தோற்கடித்த போர்க்கப்பல், இப்போது கரையில் நிற்கும் அருங்காட்சியகம் என்பதற்கு மேல் நான் யோசித்ததில்லை. கடைக்காரர் என் பிடரியில் கத்தியை வைத்துக்கொண்டு சொன்னார்: "ரெண்டாம் உலகப் போர்ல நாம தோத்த பிறகு அதுமேல டான்ஸ் ஹால் வெச்சிருந்தாங்க. எங்க சித்தி அங்க ஆடினவங்க."

கழுத்தை அசைக்க முடியாததால் முழுவதையும் கேட்டேன். அவர் விட்ட இடங்களை நான் இட்டு நிரப்பியிருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "1905. சுஷிமா கடலில் பீரங்கிகள் முழங்க, மிகாசாவின் கொடிமரத்தில்…"

வேண்டாம். வெற்றியை எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். (வென்ற அதே ஆண்டில், துறைமுகத்தில் சும்மா நின்றபோது அது வெடித்து மூழ்கியது. தூக்கி நிறுத்தினார்கள். பின்னாளில் கரையில் பதித்து நினைவுச்சின்னமாக்கினார்கள். அடைப்புக்குறிக்குள் இவ்வளவு போதும்.)

இரண்டாம் தொடக்கம்: ஹெய்ஜி தச்சர். கப்பலைப் புதுப்பிக்கும் வேலையில் மேல்தளத்துக்குப் பலகை பதித்தவர். மசுயோ அவர் மனைவி, கடைக்காரரின் சித்தி.

இது நிற்கிறது.

3

கப்பல் வேலை நடந்த அந்த வருடம் முழுக்க, இரவுச் சாப்பாட்டில் மிசோ சூப்போடு வசவும் பரிமாறப்பட்டது.

"போருக்கப்புறம் கப்பல்லேர்ந்து பித்தளையைத் திருடினவன்கூடப் பரவாயில்ல," என்பார் ஹெய்ஜி. "பசி, வித்துத் தின்னான். அமெரிக்கக்காரன் தோள்ல தொங்கிக்கிட்டு அங்க ஆடினாளுங்களே, அவளுங்களுக்கு வெக்கமே இல்லையா?"

"ஊறுகாய் வைக்கட்டுமா?" என்பாள் மசுயோ.

(இவளை நான் சந்தேகித்தேன். இத்தனை நாள் ஒருத்தி பேசாமல் இருப்பாளா? கடைக்காரரிடமே கேட்டேன். "சித்தி பயந்தவங்க இல்ல. இடம் பாத்துப் பேசுறவங்க," என்றார்.)

4

1961, மே மாதம். திறப்பு விழா முடிந்து, ஹெய்ஜி மனைவியை மேல்தளத்துக்கு அழைத்துப் போனார். புதுச்சட்டை, நிமிர்ந்த முதுகு. பின்பக்கப் பீரங்கியருகே மசுயோ நின்றாள்.

"என்னங்க, இங்கதான் பாட்டுக்காரங்க உக்காருவாங்க."

"எந்தப் பாட்டுக்காரங்க?"

"டான்ஸ் ஹால்ல. நான் ஆடினேன். அப்பா போய்ச் சேர்ந்துட்டார், வீட்ல தம்பிங்க ரெண்டு பேர். அரிசிக்காகத்தான் போனேன். ஆனா ஆடினது எனக்குப் பிடிச்சிருந்தது, அதையும் சொல்லிடுறேன். வருஷம் பூரா நீங்க திட்டினது என்னையத்தான்."

ஹெய்ஜி சுற்றிலும் பார்த்தார். யாருக்கும் கேட்கவில்லை.

"இத வீட்ல சொல்லியிருக்கலாமே."

"வீட்ல சொன்னா உங்க வீடு. இது நான் நின்ன இடம்."

5

அவர் அவளை விட்டுவிட்டுப் படியிறங்கினார் என்று ஒரு முடிவு எழுதினேன். பலகையை இவ்வளவு பொறுமையாக இழைக்கும் மனிதர் அப்படிப் போகமாட்டார். அடித்தேன். கண்ணீரோடு மன்னிப்புக் கேட்டார் என்று எழுதினேன். அது என் ஆசை. அதையும் அடித்தேன்.

கடைக்காரருக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஹெய்ஜி குனிந்து தரைப் பலகைகளைப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"எந்த இடத்துல ஆடினே?"

மசுயோ காட்டினாள்.

"அந்தப் பலகை நான் போட்டது," என்றார்.

அதை அவர் எந்தக் குரலில் சொன்னார் என்று கடைக்காரருக்குத் தெரியவில்லை. நானும் எழுதப்போவதில்லை. நீங்கள் சத்தமாக ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.