அத்தையோடு ஒரு போட்டோ

விசா மறுக்கப்பட்ட செய்தியைக் காவேரி, தான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி லேபில் நின்றபடியே போனில் படித்தாள். ரத்தம் கொடுக்க வந்த பெரியவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக் காத்துக்கொண்டிருந்தார்.

'இந்தத் திருமணம் உண்மையானது என்று எனக்கு நம்பிக்கை ஏற்படவில்லை' என்று யாரோ ஓர் அதிகாரி எழுதியிருந்தார். மணப்பெண் விதவை. மாப்பிள்ளையைவிட நான்கு வயது மூத்தவள். இவர்கள் சமூகத்தில் இப்படிப்பட்ட திருமணம் வழக்கமில்லை. பதிவு அலுவலகத்தில் முடிந்திருக்கிறது. சடங்கு இல்லை, விருந்து இல்லை, இரண்டு வீட்டாரில் ஒருவர்கூடப் படத்தில் இல்லை.

பெரியவருக்கு ரத்தம் எடுத்து அனுப்பிவிட்டு, அந்தச் செய்தியை அப்படியே வெளிநாட்டிலிருந்த கணவன் மனோஜ்குமாருக்கு அனுப்பினாள். கீழே எழுதினாள்: 'உங்கம்மா சொன்னதைத்தான் இவரும் சொல்றார். இங்கிலீஷ்ல சொல்றார்.'

மனோஜ் வெளிநாடு போகும்முன் இதே ஆஸ்பத்திரியில் எலக்ட்ரீஷியனாக இருந்தவன். கர்நாடக எல்லையில் தமிழ் பேசுகிற ஊர்களில் அவன் ஊர் கௌதள்ளி, அவள் ஊர் மார்டள்ளி. பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள் என்பது மைசூருக்கு வந்து கேன்டீனில் டீ குடித்துப் பழகிய பிறகுதான் இருவருக்கும் தெரிந்தது. காவேரியின் முதல் புருஷன் லாரி மோதிச் செத்திருந்தான். அதிலிருந்து வீட்டு விசேஷம் எதிலும் அவளை யாரும் முன்னால் நிற்க விட்டதில்லை. தங்கை கல்யாணத்தன்று முழு நாளும் சமையல்கட்டிலேயே இருந்தாள். யாரும் இருக்கச் சொல்லவில்லை, வெளியே வா என்றும் கூப்பிடவில்லை. மனோஜ் கல்யாணப் பேச்சை எடுத்தபோது ஒரு வருஷம் வேண்டாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் சரி என்றபோது அவள் அப்பா, "பண்ணிக்க. ஆனா இந்தப் பக்கம் வந்துராதே" என்றார். மனோஜின் அம்மா சித்தம்மா, "தாலியறுத்தவ, வயசுலயும் மூத்தவ. இதெல்லாம் ஒரு கல்யாணமா?" என்றாள். வார்டு ஆயா தேவம்மாதான் மாலை வாங்கி வந்து, சாட்சிக் கையெழுத்தும் போட்டாள்.

மைசூர் சரஸ்வதிபுரத்தில் விசா விண்ணப்பம் போட்டுத் தரும் நிர்மலா மறுப்பை நிதானமாகப் படித்தாள்.

"நோடி, பாருங்க மேடம், நீங்க கொடுத்த வாட்ஸ்அப் சாட்டு, கால் லிஸ்ட் எல்லாம் எல்லாரும் கொடுக்கறதுதான்."

"தினமும் நான் சமைக்கிற நேரம் முழுக்க அவரு வீடியோவுல இருப்பாருங்க. பேசக்கூட மாட்டோம். சும்மா இருப்பாரு."

"அதை எப்படி மேடம் காட்டறது? குடும்பம் ஏத்துக்கிச்சுன்னு தெரியணும். பழைய தேதி போட்டு ஏமாத்த வேணாம். அவரை லீவுல வரச் சொல்லுங்க, ஒரு விருந்து வைங்க. மாமியார் உங்க பக்கத்துல நிக்கட்டும், ஒரு லெட்டரும் தரட்டும்."

"நிஜமா ஏத்துக்கலைன்னா?"

"போட்டோவுல ஏத்துக்கிட்டா போதும் மேடம்."

மனோஜ் போனில் கெஞ்சினான், அழுதான், சாப்பிடமாட்டேன் என்றான். சித்தம்மா ஒருவழியாக இறங்கி வந்தாள். அவன் லீவு போட்டு வந்து சேர்ந்ததும் மேட்டகள்ளியில் ஒரு சின்ன ஹாலைப் பிடித்தார்கள்.

சித்தம்மா கௌதள்ளியிலிருந்து பஸ்ஸில் வந்திறங்கியிருந்தாள். ஹாலின் ஓர் அறையில் காவேரி அவளிடம் கடிதத்தை நீட்டினாள். நிர்மலா இங்கிலீஷில் டைப் அடித்துத் தந்தது.

"என்ன எழுதியிருக்குது?"

காவேரி தமிழில் சொன்னாள். "காவேரியை என் மகளாகவே நினைக்கிறேன். அவள் எங்கள் வீட்டுக்கு வந்தது எங்கள் பாக்கியம்." சொல்லும்போது அவளுக்கே முகம் சுட்டது.

"இப்படியெல்லாமா எழுதுவாங்க?" என்றாள் சித்தம்மா. பேனாவை வாங்கிக் கன்னடத்தில் மெல்லக் கையெழுத்துப் போட்டாள். பிறகு தலை நிமிராமல், "உன்ற மேல எனக்குக் கோவமில்ல சாமி. பயந்தான். என்ற பையன் உசுரோட இருக்கோணும். அவ்ளோதான்" என்றாள்.

எத்தனையோ பதில்களைக் காவேரி மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள். கோபத்துக்கு இருந்த பதில் எதுவும் பயத்துக்கு உதவவில்லை. "சரிங்கத்தை" என்றாள்.

போட்டோக்காரர் சித்தம்மா கையில் குங்குமச் சிமிழைக் கொடுத்தார். "மருமகளுக்கு வச்சு விடுங்கம்மா. கொஞ்சம் சிரிங்க."

சித்தம்மாவின் விரல் நெற்றிக்கு வரும் வழியில் ஒருமுறை நின்றது. பிறகு பட்டது. பெரியவர்கள் யாரும் தன் நெற்றியைத் தொட்டு எத்தனை வருஷமாயிற்று என்று காவேரிக்குத் திடீரென்று தோன்றியது. கண் நிறைந்துவிட்டது. பொய் என்று தெரிந்தும் நிறைந்தது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"சூப்பர்! அப்படியே இருங்க, அப்படியே!" என்றார் போட்டோக்காரர்.

பந்தி முடிந்து காவேரி கை கழுவப் போனபோது, பின்பக்கக் குழாயடியில் சித்தம்மா அந்த விரலைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்துக் கழுவி, மறுபடியும் தேய்த்தாள். பிறகு மனோஜைக் கிழக்கு பார்க்க நிறுத்தி, முந்தானையில் முடிந்து வந்த உப்பையும் மிளகாயையும் அவன் தலையைச் சுற்றிச் சாக்கடையில் எறிந்தாள். அவன் தலையைக் குனிந்து கொடுத்தான். நிமிர்ந்தபோது காவேரியைப் பார்த்தான்.

திரும்பும்போது ஆட்டோவில் அவள் கேட்டாள். "என்னைத் தொட்ட தோஷத்தைக் கழிச்சாங்களா?"

"அவங்க திருப்திக்கு ஏதோ பண்றாங்க, விடு காவேரி. போட்டோ நல்லா வந்திருக்கு பாரு." போனை அவள் பக்கம் நீட்டினான்.

மனோஜ் லீவு முடிந்து திரும்பிப் போனதும் மறுபடி விண்ணப்பித்தார்கள். இந்தத் தடவை கேள்வியே வரவில்லை, விசா வந்துவிட்டது. நிர்மலா போன் பண்ணி, "அந்தக் குங்கும போட்டோதான் மேடம் தூக்கிடுச்சு" என்று சந்தோஷப்பட்டாள்.

அன்றைக்கு வீடியோவில் மனோஜின் பின்னால், சுவரில், அந்தப் படம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது.

"அதை ஏன் மாட்டினே?"

"அம்மா எவ்ளோ மாறிட்டாங்க பாரு! நம்மகிட்ட இருக்கறதுலயே நல்ல படம் இதுதான்."

"மனோ, குழாயடியில நீதானே நின்னே?"

"அந்த நேரத்துப் பயம் அது. போட்டோவுல முகத்தைப் பாரு, பொய்யா தெரியுதா?" உண்மையாகவே கேட்டான். "நீ வந்ததும் அம்மாவுக்கும் அப்ளை பண்ணலாம்னு இருக்கேன். தனியா இருக்காங்க. நீ ஒரு லெட்டர் எழுதினா நல்லா இருக்கும்."

"என்னன்னு எழுதறது?"

"உன்னை மக மாதிரி பாத்துக்கிறாங்கன்னு."

அடுப்பில் ரசம் பொங்கி வழிந்தது. அவள் அணைக்கவில்லை. "அந்தப் படத்தைக் கழட்டு" என்றாள்.

அவன் சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினான். "விசா வாங்கிக் கொடுத்த போட்டோடி அது."

அவள் போனை அணைத்தாள். தனியாகச் சமைத்து முடித்தாள்.

இருந்தும் போனாள். வேலையை விட்டாயிற்று, வீட்டைக் காலி பண்ணியாயிற்று. மார்டள்ளிக்குத் திரும்ப வழியில்லை. விமான நிலையத்தில் மனோஜ் ஓடி வந்து கட்டிக்கொண்டான். அவன் சந்தோஷம் நிஜம்தான். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் பார்த்தாள். படம் அதே இடத்தில் இருந்தது. பக்கத்து அறையில் அம்மாவுக்கென்று ஒரு கட்டில் வாங்கிப் போட்டிருந்தான்.

"காபி போடட்டுமா?" என்றான்.

குளிருக்குப் போட்டிருந்த கோட்டைக் கழற்றாமலேயே நாற்காலியில் உட்கார்ந்தாள். "போடு" என்றாள்.