தோமாயிஸ் எடுத்துக் கொடுத்த கத்தரிக்கோல்

கான்ஸ்டான்டினோபிளில் தோமாயிஸைப் பிடிக்காதவர்களைக் கணக்கெடுப்பதைவிடப் பிடித்தவர்களைச் சொல்லிவிடுவது சுலபம். சக்கரவர்த்திக்கு அவளைப் பிடிக்கும்; ஐந்து வருஷமாக அவருடைய ஆசைநாயகி அவள். அவள் அண்ணன் ததேயோஸுக்கு அவளால் கிடைப்பதெல்லாம் பிடிக்கும். அவ்வளவுதான். அவள் பல்லக்கு மீன் சந்தை வழியாகப் போனால் பெண்கள் காறித் துப்புவார்கள். அரண்மனைச் சீமாட்டிகள் துப்பமாட்டார்கள். காலையில் அவள் வீட்டு முற்றத்தில் மனுவோடு பல்லிளித்து நின்றுவிட்டு, மாலையில் பேரரசியின் அறையில் உட்கார்ந்து அவளைக் கிழி கிழியென்று கிழிப்பார்கள். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. ஒரு தளபதியின் மனைவியை மூன்று நாள் வெயிலில் நிற்கவைத்துவிட்டு, நான்காம் நாள் "இன்னைக்குத் தலைவலி, நாளைக்கு வரச் சொல்லு" என்று சொல்லியனுப்பியவள்தான்.

அப்படிப்பட்டவளின் தலையில் கல்லைப் போட்டவன் அவளுடைய சொந்த அண்ணன்.

சக்கரவர்த்திக்கு வாத நோய். ஒருநாள் கால் வீங்கிப்போய், தன் சிவப்பு பூட்ஸை அவள் வீட்டிலேயே கழற்றிப் போட்டுவிட்டு, மெத்தென்ற துணிச் செருப்போடு போய்விட்டார். அந்த ராஜ்ஜியத்தில் சிவப்பு பூட்ஸ் ஒரே ஒருவர் காலில்தான் இருக்கலாம். வேறு எவன் மாட்டினாலும் அரியணைக்கு ஆசைப்பட்டதாகத்தான் அர்த்தம். இது அங்கே பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். ததேயோஸுக்கும் தெரியும். தெரிந்தும், குடித்துவிட்டு, விருந்துக்கு வந்த இருபது பேர் முன்னால் அதை மாட்டிக்கொண்டு மேஜைமேல் ஏறி, சமையற்காரனைத் தரையில் விழுந்து கும்பிடச் சொன்னான். இருபது பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பொழுது விடிவதற்குள் இருபது பேரும் போய்ச் சாட்சி சொல்லிவிட்டார்கள்.

ராஜதுரோகம் என்று தீர்ப்பு வந்தது. மூன்றாம் நாள் உச்சிப்பொழுதில் காய்ச்சிய இரும்பால் அவன் கண்ணைப் பறிக்க வேண்டும்.

தோமாயிஸ் சக்கரவர்த்தியின் காலடியில் விழுந்து அழுதாள். அவர் சிரித்தார்.

"எனக்கே அந்த பூட்ஸ் கடிக்குது. உங்கண்ணனுக்கு எப்படிச் சரியா இருந்துச்சு? போ போ, விட்டுடச் சொல்றேன். மூக்கைத் துடை."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து நிம்மதியாக இருந்துவிட்டாள். அதுதான் அவள் செய்த தப்பு. ஐந்து வருஷமாக வாய்வார்த்தையிலேயே எல்லாவற்றையும் சாதித்துப் பழகியவளுக்கு, அவளுக்கு முந்தி ஓடிவந்து காரியம் முடித்துக் கொடுத்தவர்கள் எல்லாம் லாபம் பார்த்து ஓடிவந்தவர்கள் என்பது மறந்துபோயிற்று.

மூன்றாம் நாள் காலை சிறைக்குப் போனாள். சிறைத் தலைவன் கையை விரித்தான்.

"அம்மா, ராஜா உங்ககிட்ட ஆயிரம் சொல்லியிருப்பாரு. எனக்குச் சிவப்பு மையில கையெழுத்து வேணும். அது இல்லாம இவனை விட்டா, அந்த இரும்பு என் கண்ணுக்குத்தான் வரும்."

சிவப்பு மைக்கூடு இருந்தது கோஸ்மாஸ் என்ற அலுவலனிடம். சக்கரவர்த்தியின் விரல்கள் மடங்காததால், அவர் மணிக்கட்டைப் பிடித்துக் கையெழுத்துப் போடவைப்பவனும் அவனே. தோமாயிஸ் மூச்சிரைக்க வந்து நின்றபோது அவன் அத்திப்பழம் தின்றுகொண்டிருந்தான்.

"மைக்கூடு நேத்துலேர்ந்து தாயார்கிட்ட இருக்கும்மா. அங்க போய்க் கேளுங்க."

தாயார் என்றால் பேரரசி. தோமாயிஸ் சக்கரவர்த்தியிடம் ஓடினாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"அவகூட என்னால மல்லுக்கட்ட முடியாது. எனக்குக் கால் உயிர் போகுது. நீயே போய்ப் பேசிக்கோயேன்."

தோமாயிஸ் அந்த வீங்கிய காலைப் பார்த்தாள். ஐந்து வருஷம் இந்தக் காலைத்தான் மடியில் வைத்துத் தடவிக்கொடுத்தாள்.

பேரரசியின் அறையில் சீமாட்டிகள் எல்லோரும் கூடியிருந்தார்கள். தளபதியின் மனைவி முன்வரிசையில் இருந்தாள். மைக்கூடு பேரரசியின் பக்கத்தில், தேன் பலகாரத் தட்டுக்கு அருகில் இருந்தது.

"உக்காரச் சொல்லமாட்டேன். நீ ரொம்ப நாளா என் இடத்துலதானே உக்காந்திருக்க" என்றாள் பேரரசி.

"தாயே, எனக்கு என்ன தண்டனை வேணும்னாலும் குடுங்க. அண்ணன் கண்ணை மட்டும்…"

"தண்டனையா? நான் எதுக்குடி தண்டிக்கணும்? நீயா விரும்பி மடத்துக்குப் போற. பாதிரியார் உள்ள இருக்காரு."

துறவு அங்கே ஒருவழிப் பாதை. முடியை வெட்டியபின் சக்கரவர்த்தி நினைத்தாலும் அவளை மடத்திலிருந்து வெளியே கொண்டுவர முடியாது. அதைவிடக் கொடுமை, வலுக்கட்டாயமாக வெட்டினால் செல்லாது. கத்தரிக்கோலைத் தரையில் போடுவார்கள். துறவு கொள்பவள் அதைத் தன் கையால் எடுத்து, தன் விருப்பம் என்று சொல்லிப் பாதிரியாரிடம் கொடுக்க வேண்டும். ஒருமுறை இல்லை, மூன்று முறை.

ஜன்னலில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தோமாயிஸ் குனிந்து எடுத்துக் கொடுத்தாள். மறுபடி எடுத்துக் கொடுத்தாள். மூன்றாம் முறை கத்தரிக்கோல் முக்காலிக்கு அடியில் போய்விழ, மண்டியிட்டுத் தேடினாள்.

"இன்னைக்குத் தலைவலி இல்லையா?" என்றாள் தளபதியின் மனைவி. அறையே சிரித்தது.

முடி விழுந்தது. பேரரசி கோஸ்மாஸை வரவழைத்து மைக்கூட்டை அவன் கையில் கொடுத்தாள். அவன் சக்கரவர்த்தியிடம் போய்ச் சீக்கிரமே உத்தரவோடு திரும்பினான்.

"நான் எங்கேன்னு கேட்டாரா?" என்றாள் தோமாயிஸ்.

"வெந்நீர் ஒத்தடம் கேட்டாரும்மா."

கறுப்புத் துணியால் தலையை மூடிக்கொண்டு சிறைக்கு ஓடினாள். கரியடுப்பில் இரும்பு பழுத்துக்கொண்டிருந்தது. ததேயோஸைத் தூணில் கட்டியிருந்தார்கள். சிறைத் தலைவன் உத்தரவை இரண்டு முறை படித்துவிட்டு, இரும்பைத் தண்ணீரில் போடச் சொன்னான். கட்டை அவிழ்த்தார்கள். ததேயோஸ் ஓவென்று அழுதான், சிலுவைக்குறி போட்டான். பிறகுதான் தங்கையை ஏறிட்டுப் பார்த்தான்.

"என்னடி வேஷம் இது?"

"மடத்துக்குப் போறேன்ணே. முடியை எடுத்துட்டாங்க. அதுக்குத்தான் உன்னை விட்டாங்க."

அவன் முகம் மாறியது. "எடுத்துட்டாங்கன்னா? அப்ப ராஜாகிட்ட இனிமே யாரு பேசுவா? எனக்குக் கிழக்குச் சீமை அதிகாரம் இந்த மாசம் தர்றேன்னாரேடி! பைத்தியக்காரி, கொஞ்சம் கெஞ்சி ரெண்டு மாசம் தள்ளிப்போட்டிருக்கக் கூடாது? எல்லாத்தையும் கெடுத்துட்டியே!"

சிறைத் தலைவன்கூட வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

தோமாயிஸ் கறுப்புத் துணியை உருவி எறிந்தாள். அவசரத்தில் முடி வெட்டிய தலையில், காதுக்குமேல் இரண்டு இடத்தில் ரத்தம் உறைந்திருந்தது. ததேயோஸ் சட்டென்று முகத்தைத் திருப்பினான். அவள் அவன் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள்.

"திரும்பாதே. நல்லா பாருடா. இதைப் பாக்கத்தான் உன் கண்ணை மீட்டிருக்கேன்."