தறிக்காரி மகன் தடுத்த பெனால்டி

போருக்குப் போகும்போது வில்ஃப் ஆர்மரோடுக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும். இத்தாலியில் பீரங்கிப் படை அவற்றை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு ஒரு பதக்கம் கொடுத்து அனுப்பியது. லங்காஷயரில் ஹார்ல்ஷா கால்பந்துக் குழுவின் கோல் காக்கும் கோலி அவன். விஷயம் தெரிந்தவன் தடுப்பாட்டக்காரன் ஜாக் பிக்கப் ஒருவன்தான். லண்டனிலிருந்து வந்த மேனேஜர் ட்ரஸ்காட்டுக்குத் தெரிந்தால் வில்ஃபுக்கு அன்றோடு வேலை போய்விடும்.

இத்தனை நாள் அவன் தப்பித்ததற்குக் காரணம், அது நெசவாலை ஊர். தறிகளின் இரைச்சலில் அங்கே யாரும் யார் குரலையும் கேட்டதில்லை. உதட்டசைவிலேயே வம்பளந்து, சண்டை போட்டு, கல்யாணமும் பேசி முடித்துவிடுவார்கள். வில்ஃபின் அம்மா தறிக்காரி. பேசுகிறவர் முகத்தைக் காட்டினால் போதும், வில்ஃபுக்குக் கேட்டுவிடும்.

அந்தச் சனிக்கிழமை ஜாக் முகத்தைக் காட்ட மறந்தான். லண்டன்காரர்களோடு ஆட்டம், ஒரு கோல் முன்னிலை, முடியும் நேரம். பந்தைப் பார்த்தபடியே, "வெளிய வாடா, உன் பந்து!" என்று கத்தினான். வில்ஃப் நின்ற இடத்திலேயே நின்றான். வேறு வழியில்லாமல் ஜாக், பந்தை நோக்கி ஓடிவந்த எதிராளியின் காலை வாரினான். பெனால்டி.

"அவன் என்ன செவிடாடா?" என்று கோட்டோரத்தில் ட்ரஸ்காட் அலறினார். வில்ஃப் அதற்கும் திரும்பவில்லை.

லண்டன் கேப்டன் உதைக்கப்போகிறவனிடம் ஏதோ முணுமுணுத்தான். பக்கத்தில் நின்ற ஜாக்குக்கே கேட்கவில்லை. பூட்ஸ் பந்தைத் தொட்டபோது வில்ஃப் மூலைக்குப் பாய்ந்தாகிவிட்டது. பந்துதான் சற்றுத் தாமதமாக வந்து அவன் கையில் சேர்ந்தது. வேடிக்கை பார்க்க வந்திருந்த, சவ ஊர்வலத்துக்கு மட்டும் தொப்பி கழற்றுகிற ஊர் ஆண்கள் சத்தமில்லாமல் தொப்பியைக் கழற்றினார்கள்.

ஜாக் ஓடிப்போய் அவன் முகத்தெதிரே நின்றான். "டேய், நீ மனுஷந்தானா?"

"நீ கால வாரினதுக்கு நான்ல விழ வேண்டியதாப் போச்சு!"

ஆட்டம் முடிந்து, உடை மாற்றும் அறையில் ட்ரஸ்காட் வில்ஃபின் முன்னால் வந்து நின்றார்.

"உனக்குக் காது கேக்குமா, கேக்காதா?"

"கேக்காது பாஸ். பீரங்கி வேல."

"அப்ப எந்தப் பக்கம்னு எப்படித் தெரிஞ்சுது?"

"அவங்க கேப்டன் சொன்னாரே, 'இடது மூல, தரையோட'ன்னு. பாவம், ரகசியம்னு நெனச்சுட்டாரு."

ட்ரஸ்காட் ஜாக் பக்கம் திரும்பினார்.

"பிக்கப்!"

"பாஸ்?"

"அடுத்த ஆட்டத்துலேருந்து இவனப் பாத்துத் திரும்பிக் கத்து."

"நான் திரும்பினா பந்த யாரு பாக்கிறது?"

"அது உன் பாடு. எனக்குக் கோலி இருக்கான்."